எல்லோருக்கும் ஒரே சட்டம் போதுமா?

முழங்கால் வலி இன்னதென்று வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயது முதிர்ந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் அனைவரும் அதை அறிவார்கள். இரவில் புரண்டு படுக்க முடியாது. படி இறங்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும். இந்த வலியால் எவரும் செத்துப் போவதில்லை என்பது மெய்தான். ஆனால் இந்த வலியோடு வாழ்கிறவரின் உலகம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. முதலில் கடைத்தெரு நின்றுபோகிறது. பிறகு உறவினர் வீடு நின்றுபோகிறது. கடைசியில் கட்டிலும் நாற்காலியுமே உலகமாகிவிடுகிறது.

இத்தகையோருக்கு நம் காலத்தில் ஒரு நல்ல சிகிச்சை உண்டு. தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்னும் இடத்திலுள்ள ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற வைத்தியர், நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பிறகு, 1962-ல் இடுப்பு மூட்டுக்கு நீடித்து உழைக்கும் முறையைக் கண்டார். முழங்கால் மூட்டுக்கும் அதையடுத்த ஆண்டுகளில் வழி பிறந்தது. இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மூட்டுகள் மாற்றப்படுகின்றன. முடங்கிக் கிடந்தவர் எழுந்து நடக்கிறார்.

அந்த நாட்டில் 2020-ஆம் ஆண்டு நடந்த ஒரு காரியத்தைப் பற்றியே இந்த வாரம் சிந்திக்கப் போகிறோம். அதிலிருந்து எழும் கேள்வி இதுதான்: எல்லோருக்கும் ஒரே கட்டளையை இட்டுவிட்டால், நீதி நிறைவேறியதாகுமா?

நடந்தது என்ன?

2020 மார்ச் 11-ஆம் தேதி, கோவிட் நோய் உலகெங்கும் பரவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை ஒத்திவைக்கும்படி அமெரிக்க அறுவை வைத்தியர் சங்கமும் மத்திய அரசின் சுகாதார அதிகாரிகளும் கேட்டுக்கொண்டார்கள். பல மாநில அரசுகள் அதையே உத்தரவாகப் பிறப்பித்தன. மூட்டு மாற்று சிகிச்சை நாடெங்கும் சில வாரங்களுக்கு ஏறத்தாழ நின்றே போயிற்று.

இந்த ஒத்திவைப்பைக் குறைகூற இடமில்லை. மூச்சுத் திணறி வருகிறவர்களுக்குப் படுக்கை வேண்டும். முகக்கவசமும் அங்கியும் தாதியருக்கே போதவில்லை. முழங்காலுக்காக வந்த முதியவர் ஆஸ்பத்திரியில் அந்நோயைப் பிடித்துக்கொண்டு இறந்துபோகவும் கூடும். உயிரைக் காப்பது முதற்கடமை. வலியைத் தீர்ப்பது அடுத்த கடமை. இந்த வரிசை சரியானதே.

உத்தரவில் வெள்ளையர் என்றோ கறுப்பினத்தார் என்றோ ஒரு சொல்லும் இல்லை. எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்பதுதான் கட்டளை. அப்படியானால் இதில் இன வேற்றுமை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதை அறிய, கொள்ளைநோய்க்கு முந்திய நாட்களுக்குப் போக வேண்டும்.

முன்பே இருந்த இடைவெளி

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிக்கேர் என்ற அரசாங்கக் காப்பீடு உண்டு. வெள்ளையர், கறுப்பினத்தார் இருவருக்கும் அது பொது. 1998 முதல் 2000 வரை அந்தக் காப்பீட்டில் இருந்தவர்களின் கணக்கை ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்து 2003-ல் வெளியிட்டனர். ஆண்டுதோறும் ஆயிரம் வெள்ளை ஆண்களில் 4.82 பேருக்கு முழங்கால் மூட்டு மாற்றப்பட்டது. ஆயிரம் கறுப்பின ஆண்களில் 1.84 பேருக்கே மாற்றப்பட்டது. அதாவது பாதிகூட இல்லை. கறுப்பினத்தாருக்கு முழங்கால் நோய் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. அவர்களிடையே இந்நோய் வெள்ளையரிடையே உள்ள அளவுக்கேனும் இருக்கிறது. வலியும் ஊனமும் அதிகமாகவே காணப்படுகின்றன. காப்பீடு இல்லை என்றும் சொல்ல முடியாது. கணக்கில் வந்தவர் அனைவருக்கும் காப்பீடு இருந்தது.

இன்னும் பின்னே போவோம். 1946-ல் அமெரிக்க அரசு ஆஸ்பத்திரிகள் கட்டப் பண உதவி செய்யும் சட்டம் ஒன்றை இயற்றியது. இனம் பிரித்து நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தப் பணம் போகலாம் என்று அதில் இடம் வைத்தார்கள். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ நகரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் வைத்தியரும் அவருடைய தோழரும் இதை எதிர்த்து வழக்காடி 1963-ல் வென்றார்கள். 1964-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1966-ல் மெடிக்கேர் தொடங்கியபோது, இனம் பிரிக்கும் ஆஸ்பத்திரிக்குப் பணமில்லை என்று அரசு உறுதியாக நின்றது. அதன் பிறகே பல ஆஸ்பத்திரிகளின் கதவு திறந்தது. இன்று மூட்டு வலியால் வருந்தும் எண்பது வயதுக் கறுப்பினப் பாட்டி, அந்தக் கதவு மூடியிருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதை மறக்கலாகாது.

இருவரை நினைத்துப் பாருங்கள்

விஷயம் விளங்குவதற்காக இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வயது அறுபத்திரண்டு. இருவருக்கும் ஒரே முழங்கால் நோய். இருவருக்கும் 2020 மார்ச் கடைசியில் ஆபரேஷன் நாள் குறித்திருந்தது. இருவருக்கும் ஒரே நாளில், பிறகு கூப்பிடுகிறோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

முதலாமவர் ஓர் அலுவலகத்தில் கணக்கர். கொள்ளைநோய் வந்ததும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்த வேலை. சம்பளமும் காப்பீடும் தொடர்ந்தன. வைத்தியரோடு கணினித் திரையில் பேசினார். மகள் வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் விசாரித்தாள். கோடையில் கதவு திறந்தபோது முதல் வாரத்திலேயே இவருக்கு இடம் கிடைத்தது. சிகிச்சை முடிந்த அன்று மாலையே வீடு திரும்பலாம் என்றார்கள். அழைத்துப் போக மகளிடம் கார் இருந்தது; கீழ்த்தளத்தில் படுக்கையறை இருந்தது.

இரண்டாமவள் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள், கறுப்பினத்தவள். ஹோட்டல் மூடப்பட்டது. வேலை போயிற்று, அமெரிக்காவில் உழைக்கும் வயதினர் பலருக்கும் காப்பீடு வேலையோடு கட்டுண்டது, ஆகையால் காப்பீடும் போயிற்று. 2020 ஏப்ரலில் அந்நாட்டில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவள் வீட்டில் கணினி இல்லை. தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. ஆஸ்பத்திரி கூப்பிட்டது, பதில் இல்லை, பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அவளே தேடிப் போனபோது, எல்லாப் பரிசோதனைகளையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார்கள். நடமாட்டமின்றி அவள் உடல் பருத்திருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது. எடையையும் சர்க்கரையையும் குறைத்த பிறகே ஆபரேஷன் என்றார்கள். நடக்க முடியாதவள் எப்படி எடையைக் குறைப்பாள்?

இருவர் மீதும் விழுந்தது ஒரே கட்டளைதான். ஆனால் ஒருவருக்கு அது மூன்று மாதம் பொறுத்திருக்கும் கட்டளை. மற்றவருக்கு அது சிகிச்சையையே பறித்த கட்டளை. எல்லா வெள்ளையரும் முதலாமவரைப் போன்றவர் என்றோ, எல்லாக் கறுப்பினத்தாரும் இரண்டாமவளைப் போன்றவர் என்றோ நாம் சொல்லவில்லை. ஆனால் வேலை, வீடு, சேமிப்பு, வாகனம் இவற்றில் அந்நாட்டில் இரு இனத்தாருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பெரிது. கோவிட் நோயே கறுப்பினத்தாரையும் ஹிஸ்பானியரையும் பூர்வகுடி மக்களையும், அவர்கள் வயது விகிதத்தைக் கணக்கில் எடுத்துப் பார்க்கும்போது, அதிகமாகக் கொன்றது. வீட்டில் துக்கமும் வேலையில் ஆபத்தும் இருக்கும்போது தன் முழங்காலைப் பற்றி எவர் விசாரிப்பார்?

ஆட்சேபங்களும் விடைகளும்

முதல் ஆட்சேபம்: “கட்டளை எல்லோருக்கும் ஒன்றுதானே? ஒரே சட்டம்தானே நீதி?”

ஒரே சட்டம் நீதியின் தொடக்கம், முடிவு அல்ல. பண்டைய கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பொது நன்மையைப் பங்கிடும்போது நீதி என்பது தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பதல்ல. தகுதிக்கேற்ற விகிதப்படி கொடுப்பதாகும். சிகிச்சையைப் பங்கிடுவதில் தகுதி எது? பணமா, பதவியா, உரத்துக் கேட்கும் குரலா? இல்லை; தேவைதான். தாய் தன் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறும்போது ஆளுக்கு ஒரு கரண்டி என்று அளப்பதில்லை. வயலிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒரு கரண்டி கூட வைக்கிறாள். அதனால் மற்றப் பிள்ளைகளுக்கு அவள் அநீதி செய்தாள் என்று எவரும் சொல்வதில்லை.

சிகிச்சையை நிறுத்தும்போது எல்லோருக்கும் ஒன்றாக நிறுத்தியது சரி. ஆனால் திரும்பத் தொடங்கும்போது யாரை முதலில் கூப்பிடுவது என்பது வேறு கேள்வி. அங்கே, கூப்பிட்டவுடன் வருகிறவர், அடிக்கடி விசாரிக்கிறவர், துணைக்கு ஆள் உள்ளவர் என்று வரிசை அமைந்தால், அது தேவையின் வரிசை ஆகாது. வசதியின் வரிசை ஆகிவிடும்.

இரண்டாம் ஆட்சேபம்: “எந்த வைத்தியரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லையே. குற்றவாளி இல்லாத இடத்தில் அநீதி எப்படி இருக்கும்?”

இது கவனித்துப் பதில் சொல்ல வேண்டிய ஆட்சேபம். கெட்ட எண்ணம் இல்லாதவரைக் கெட்டவர் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் கெட்ட எண்ணமின்றியே பிழையான அளவுகோலைக் கையில் வைத்திருக்க முடியும். இதற்கு முழங்காலிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு.

முழங்கால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்து வைத்தியர்கள் தரம் பிரிக்கிறார்கள். இந்தத் தரப்பிரிவை 1957-ல் இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தனர். நல்ல முறைதான், இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் அது ஆங்கிலேய மக்களைப் பார்த்து வகுத்தது. அமெரிக்காவில் ஒரு விநோதம் காணப்பட்டது: எக்ஸ்ரேயில் ஒரே தரம் பெற்ற இரு முழங்கால்களில், கறுப்பினத்தார் அதிக வலி சொன்னார்கள். படத்தில் இல்லாத வலி எங்கிருந்து வரும்? மனக்கவலையாக இருக்கலாம், மிகைப்படுத்துவதாக இருக்கலாம் என்று நினைப்பது எளிது.

2021-ல் ஆராய்ச்சியாளர் சிலர் வேறு வழியில் முயன்றனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் முழங்கால் எக்ஸ்ரே படங்களை ஒரு கணினிக்குக் கொடுத்து, வைத்தியர் இட்ட தரத்தைக் கற்பிக்காமல், நோயாளி சொன்ன வலியையே கற்பித்தார்கள். இரு இனத்தாரின் வலிக்கும் உள்ள வித்தியாசத்தில் பழைய தரப்பிரிவு 9 சதவீதத்தையே விளக்கியது. புதிய முறையோ 43 சதவீதத்தை விளக்கியது. ஆகவே அந்த வலி வித்தியாசத்தில் கணிசமான ஒரு பகுதி முழங்காலிலேயே இருந்தது, படத்திலும் இருந்தது. பார்க்கக் கற்ற கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நோயாளி சொன்னது மெய். அளவுகோல்தான் குறையுடையது.

வைத்தியரிடம் தவறான எண்ணங்கள் இல்லாமலும் இல்லை. 2016-ல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் வெள்ளை இன மருத்துவ மாணவரிடமும் பயிற்சி வைத்தியரிடமும் விசாரித்தபோது, கறுப்பினத்தாரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்யான கருத்துக்களில் ஒன்றையாவது ஏறத்தாழ பாதிப் பேர் மெய்யென்று நம்பியிருந்தார்கள். இப்படி நம்பியவர்களில் பலர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இவர்கள் கொடியவர்கள் அல்ல. கேட்டதைச் சோதித்துப் பாராமல் நம்பியவர்கள்.

ஆகையால் விடை இதுவே: எண்ணம் கெட்டதாக இருந்தால்தான் பாவி என்று ஒருவரைக் குறிப்பிட முடியும். ஆனால் அநீதி நேர்வதற்குப் பாவி ஒருவர் தேவையில்லை, கவனியாமை போதும். அறியாதவரை அது குற்றமாகாமல் இருக்கலாம். அறிந்த பிறகும் பழைய அளவுகோலையே கையில் பிடித்திருந்தால், அப்போது மனச்சாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாம் ஆட்சேபம்: “கறுப்பினத்தார் பலர் தாங்களே இந்த ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்களே. வேண்டாம் என்பவரை வற்புறுத்தலாமா?”

வற்புறுத்தலாகாது. தன் உடலைப் பற்றித் தீர்மானிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கறுப்பின நோயாளிகள் இந்தச் சிகிச்சைக்கு அதிகம் தயங்குகிறார்கள் என்பதும் ஆராய்ச்சிகளில் கண்டதே. ஆனால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடலாமா? அலபாமாவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை அரசாங்க வைத்தியர்களே நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோயைத் தீர்க்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இந்த நினைவுள்ள மக்கள் ஆஸ்பத்திரியைக் கண்டு தயங்குவது மூடத்தனமா?

மேலும், தன் தெருவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக நடக்கும் ஒருவரையும் கண்டிராதவர் எப்படித் துணிவார்? முன்பு குறைவாகச் செய்ததால் கண்டவர் குறைவு. கண்டவர் குறைவானதால் துணிபவரும் குறைவு. இந்த வட்டத்தை உடைக்க முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முழங்கால் வலியுள்ள கறுப்பின நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையின் நன்மை தீமைகளை விளக்கும் படக்காட்சி ஒன்றைக் காட்டினார்கள். அடுத்த ஓராண்டில் அவர்களில் சிகிச்சை பெற்றவர் விகிதம், அதைக் காணாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காயிற்று. எவரையும் வற்புறுத்தவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னார்கள், அவ்வளவுதான். அறிந்து வேண்டாம் என்பது சுதந்திரம். அறியாமலும் அஞ்சியும் வேண்டாம் என்பதைச் சுதந்திரம் என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது.

செய்யத்தக்கது என்ன?

கோவிட் நெருக்கடி நிலை அமெரிக்காவில் 2023 மே 11-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. ஆனால் இன்னொரு கொள்ளைநோய் வராது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது மீண்டும் ஒத்திவைக்க நேரிடும். அந்நாளில் நீதியோடு நடக்க, பெரிய தத்துவம் தேவையில்லை. சில எளிய காரியங்கள் போதும்.

ஒத்திவைத்தவர் பெயர்களை வலியின் அளவுப்படியும் நடக்க இயலாமையின் அளவுப்படியும் எழுதி வைக்க வேண்டும். தொலைபேசியில் கிடைக்காதவரின் பெயரை அழிக்காமல், கடிதம் எழுதியோ ஆளனுப்பியோ தேட வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்து, எந்தப் பகுதி மக்கள், எந்த இனத்து மக்கள் திரும்பி வரவில்லை என்று எண்ண வேண்டும். எண்ணாத ஆஸ்பத்திரிக்குத் தன் குறை தெரியவே தெரியாது.

இன்னொன்று: கொள்ளைநோயின்போது பல இடங்களில் நோயாளியை அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறை விரைவாகப் பரவியது. நல்லதுதான், படுக்கை மிச்சம், தொற்றுப் பயம் குறைவு. ஆனால் வீட்டில் துணையில்லாதவருக்கும் மாடிப்படி ஏறி வாழ்பவருக்கும் அந்த வழி அடைபடுகிறது. அவர்களுக்கென்று சில படுக்கைகளையும் சில தாதியரையும் ஒதுக்கி வைக்காவிட்டால், புதிய முறை பழைய இடைவெளியை அகலமாக்கும். எடையும் சர்க்கரையும் குறைய வேண்டும் என்று சொல்பவர், அதைக் குறைக்க உதவியும் செய்ய வேண்டும். வாசலில் ஏணியை எடுத்துவிட்டு, ஏறி வா என்பது முறையல்ல.

இவையெல்லாம் தர்மம் செய்வதாக எண்ணிச் செய்ய வேண்டியவை அல்ல. தர்மம் நம்முடையதைப் பிறருக்குக் கொடுப்பது. நீதியோ பிறருடையதை அவருக்குக் கொடுப்பது. அந்த ஹோட்டல் தொழிலாளிப் பெண்ணுக்கு வரிசையில் இருந்த இடம் அவளுடையது. அதைத் திருப்பிக் கொடுப்பவர் அவளுக்கு உபகாரம் செய்யவில்லை, கடனைத் தீர்க்கிறார்.

கடைசியாக ஒரு சொல். இது தூர தேசத்து விஷயம். நாம் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும் அல்ல. ஆயினும் இதன் சாரம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். நம்மிடம் வந்து கேட்கிறவரை நாம் கவனிக்கிறோம். கேட்டுக் கேட்டு அலுத்து, வராமல் நின்றுவிட்டவரை மறந்துவிடுகிறோம். வராததால் அவருக்குக் குறையில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த வாரம் நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவர் நினைவுக்கு வரக்கூடும். ஒருகாலத்தில் நம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர், முழங்கால் வலி என்று சொன்னவர், இப்போது கண்ணில் படாதவர். அவர் வீட்டுக்கு நாமே நடந்து போய், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு வருவது நல்லது.